முந்நூறு எழுத்துக்குள்

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம்
முந்நூறு எழுத்துக்குள், என்கிறது படிவம்.
உயிர்வேதியியல். முதல் தடவை முப்பத்தொன்று.
அரியர் எழுதி முப்பத்தாறு.
பிறகு ஐம்பத்தெட்டு.

பாம்பன் ஸ்டேஷன் பக்கத்துக் கணினிக்கடையில்
நூருல் அமீன் ஸ்கேனர் மூடியைத் தூக்கியபடி கேட்டான்:
"முந்துன ரெண்டு தாளும் வேணுமா?
கடைசி ஒண்ணு போதுமே."
மொத்தப் பட்டியலில் ஒவ்வொரு முயற்சிக்கும்
ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது.
மறைத்தால், மறைத்தது தெரியும்.
வை, என்றேன்.

காரணம் தர வீடே வரிசையில் நின்றது.
புயலைப் போடு, என்றாள் அண்ணி.
புயல் கார்த்திகையில் வந்தது,
பரீட்சை சித்திரையில்.
படகைப் பிடித்துப் போனதை எழுது, என்றான் அண்ணன்.
அது அவன் படகே இல்லை.
மேலும் அது தடைக்காலம். அந்த மாதம்
எல்லாப் படகும் கரையேறி
பெயிண்டுக்குக் காத்துக் கிடந்தது.
அப்பாவுக்குக் குழப்பம் வேறு:
"பி.ஏ.ன்னா எந்த எம்.எல்.ஏ.வுக்கு?"
டாக்டருக்குப்பா.
"அப்ப ஃபைல் தூக்கணுமா?"
கொஞ்சம்.

விஷயம் இவ்வளவுதான்:
வீட்டில் கரண்ட் இருந்தது, மேசை இருந்தது,
யாரும் சாகவில்லை.
புரதம் மடியும், அவிழும் என்றது புத்தகம்.
சேலையா அது என்று மூடி வைத்தேன்.
பரீட்சையில் மூன்று பக்கம் எழுதினேன்,
ஒரே வாக்கியத்தை
மூன்று விதமாகத் திருப்பிப் போட்டு.

'எனக்குப் புரியவில்லை'
என்று பெட்டிக்குள் அடித்துப் பார்த்தேன்.
என் கணக்கில் பதினோரு எழுத்து.
கணினியின் கணக்கில் இருபது.
புள்ளிக்கு, கொம்புக்கு, நடுவில் விட்ட வெற்றிடத்துக்கு
எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வரி பிடிக்கிறது.
மீதி இருநூற்று எண்பது.

இரண்டாம் தோல்விக்குப் பிறகு
ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் வேலை.
கச்சான் அடித்த ஒரு விடிகாலை
ரெமிஜியுஸைத் தோளில் தாங்கி வந்தார்கள்.
திருக்கை முள், கணுக்காலில்.
கத்தவில்லை மனிதர்,
தலைத்துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டிருந்தார்.
வெந்நீர், என்றார் நர்ஸ், தோல் பொறுக்கிற சூட்டில்.
என் கையை விட்டுப் பார்த்துப் பார்த்து
ஆற ஆற ஊற்றினேன்.
வாளியில் மணலும் கொஞ்சம் ரத்தமும்.
ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும்.
துண்டை வாயிலிருந்து எடுத்தார். டீ கேட்டார்.

அந்த விஷம் ஒரு புரதம்.
சூடு பட்டால் அவிழ்ந்து போகும்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கீழ்ப் பத்தி.
வலித்தது அவருக்கு, புரிந்தது எனக்கு.
இதில் ஏதோ அநியாயம் இருக்கிறது.
அதற்கப்புறமும் எண்பது வாங்கிவிடவில்லை.
நொதிகளுக்கும் எனக்கும்
இன்றுவரை பேச்சுவார்த்தை சரியில்லை.

திருக்கையை எழுதினேன். ஐநூற்று நாற்பது.
டீயை வெட்டினேன்.
வாளியை, மணலை வெட்டினேன்.
ரெமிஜியுஸை வெட்டும்போது
அவர் கெந்திக் கெந்தி வாசல் தாண்டியது ஞாபகம் வந்தது.
வெட்டினேன்.
மிஞ்சியது:
'எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நோயாளியின் காலருகே
கொஞ்சம் புரிந்தது. திரும்ப எழுதினேன்.
மூன்று தாளும் இணைத்துள்ளேன்.'

"இம்புட்டு இடம் காலியாக் கிடக்கே,
புயலைச் சேத்துரவா?" என்றான் நூருல் அமீன்.
வேண்டாம்.

அனுப்பு பொத்தானை அமுக்கினான்.
வட்டம் சுற்றியது, நின்றது, சுற்றியது.
பாலத்தில் ரயில் ஏறும் சத்தம்.
ஸ்கேன் ஒரு தாளுக்குப் பத்து ரூபாய்,
மூன்றுக்கு முப்பது.
ஐம்பத்தெட்டு மட்டும் என்றால்
பத்தோடு போயிருக்கும்.